போன் மாற்றப் போகிறீர்களா? கையில் ஒரு காகிதத்தோடு கடைக்குப் போங்கள்



போன மாதம் சம்பளம் போட்ட மறுநாள் காலை, பெரட்டு முடிந்து நான் ஆபீசில் வந்து உட்கார்ந்த நேரம், கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்று ஆகிய மூன்றையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையும் அனுப்பியிருக்கிறாள். எழுத்து விளங்கவில்லை, மறுபடி அனுப்பவும் என்று மூன்று தடவை பதில் வந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் நாலு மணியோடு விண்ணப்பம் முடிவு.

"ஐயா, பழைய போன்னா பரவாயில்லைங்க. இது புதுசு. நூத்தியெட்டு மெகாபிக்சல்னு பெட்டியிலேயே அடிச்சிருக்கு. பதுளையில தவணைக்கு எடுத்தது, இன்னும் எட்டு மாசம் கட்டணும்" என்றார் தகப்பன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

போனை வாங்கிப் பார்த்தேன். போனில் ஒரு பிழையும் இல்லை. காகிதம் கிட்டத்தில் இருக்கிறது, எழுத்தோ சின்ன எழுத்து, ஆகவே கிட்ட எடுப்பதற்கென்று இருக்கும் 'மேக்ரோ' என்ற இடத்தை அழுத்தி எடுத்திருக்கிறாள் பிள்ளை. அதை அழுத்தினால் அந்த 108 மெகாபிக்சல் கெமரா வேலை செய்யாது. பக்கத்தில் பொட்டு மாதிரி இருக்கும் 2 மெகாபிக்சல் கெமராதான் வேலை செய்யும். மூன்று காகிதத்தையும் வராந்தா வாங்கில் வைத்து, சாதாரண கெமராவுக்கு மாற்றி, ஒன்றரை அடி உயரத்தில் போனைப் பிடித்து, எழுத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டி எடுத்தோம். பதினொன்றரை மணிக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

இந்தக் கதை லயத்தில் பரவியதில், அதன் பிறகு நாலைந்து பேர் என்னிடம் வந்து "ஐயா, போன் மாத்தணும், எது நல்ல போன்?" என்று கேட்டுவிட்டார்கள். நான் போன் மெக்கானிக் அல்ல. ஆனாலும் லுணுகலை டவுனில் போன் திருத்தும் தம்பியிடம் விசாரித்தும், எங்கள் ஸ்டாப் ஆட்களின் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்தும், வாசித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் போன் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கெமராவை நாம் எதற்குப் பாவிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டுவது கடற்கரையும் கலியாணமும். திருவிழாவும் பிள்ளையின் பிறந்தநாளும் நமக்கும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசு மிச்சமாவதும் நட்டமாவதும் வேறு படங்களில். கொழுந்து நிறுக்கும்போது தராசில் விழுந்த கிலோ, சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் வீட்டுப்பாடம், லயத்துச் சுவரில் விழுந்த வெடிப்பு, இவைதான் நம்முடைய படங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சிங்களத்தில் வருகிற கடிதத்தைப் படம் பிடித்தால் தமிழில் மாற்றித் தரும் வசதி கூகுள் மொழிபெயர்ப்பில் உண்டு. அது தப்பும் விடும், அதை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். ஆனால் என்ன விஷயமாகக் கடிதம் வந்திருக்கிறது என்று விளங்கும். எழுத்துத் தெளிவாக விழுந்தால்தான் அதுவும் நடக்கும்.

2021 இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏ.பி. என்ற உலகச் செய்திச் சேவை அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதியது. மீகஹகிவுல பக்கம் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடி மூன்று கிலோமீற்றர் காட்டு வழி நடந்து பாறை மேல் ஏறினார்கள். நம் லுணுகலையில் காட்டுக்குள் 30 அடி உயரத்தில் இருந்த ஒரு மரக் குடிலில் பிள்ளைகள் முறை வைத்து ஏறி வீட்டுப்பாடத்தை அனுப்பினார்கள். நாட்டிலுள்ள 43 இலட்சம் மாணவர்களில் கூடிப்போனால் 40 வீதம் பேர்தான் இப்படிப் படிக்க முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது. அவ்வளவு பாடுபட்டு ஏறி அனுப்பிய படம் கலங்கலாக இருந்தால் மறுபடி ஏற வேண்டும். நமக்குக் கெமரா என்பது அந்த மாதிரி விஷயம்.

அடுத்தது விலை. கடைக்காரர் ரூபாவில் சொல்வார். நீங்கள் அதைப் பேரில் மாற்றிப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி 54,000 ரூபா போன் என்றால் 40 பேர். மாதம் 20 பேர் விழுகிற ஆளுக்கு அது இரண்டு மாதத்து உழைப்பு. சம்பளம் அதன் பின் கூடியதைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மாதத்துப் பேருக்குக் குறையாது. தவணை என்றால் இன்னும் கவனம். உதாரணத்துக்கு, அதே 54,000 ரூபா போனுக்கு மாதம் 5,500 வீதம் 12 மாதம் கட்டச் சொன்னால் மொத்தம் 66,000. மேலதிகமாகப் போகிற 12,000 ரூபா கிட்டத்தட்ட 9 பேர். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாமல், "மொத்தமா எவ்வளவு வரும்?" என்று கேட்டு, கடைக்காரரையே ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2022 இல் ரூபா விழுந்ததும், 2024 ஜனவரி முதல் கையடக்கத் தொலைபேசிக்கும் 18 வீத வற் வரி வந்ததும் சேர்ந்துதான் விலை இப்படி ஏறிப்போனது. கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

இனி அந்த மெகாபிக்சல் சங்கதிக்கு வருவோம்.

ஒரு படம் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பத்து இலட்சம் புள்ளி சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். புள்ளி கூடினால் படம் தெளிவு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தப் புள்ளிகளெல்லாம் இருக்கிற இடம், கெமராவுக்குள் நகத்தளவு கூட வராத ஒரு சின்னத் தகடு. அந்தத் தகட்டில் விழுகிற வெளிச்சம்தான் படம். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ஒரு பாத்தியில் நூறு தேயிலைச் செடி நடலாம் என்றால் அதே பாத்தியில் ஆயிரம் செடியை நெருக்கி நட்டால் கொழுந்து பத்து மடங்கு வருமா? வராது. ஒவ்வொரு செடிக்கும் மண்ணும் வெயிலும் போதாமல் எல்லாம் நோஞ்சானாக நிற்கும். தகட்டில் புள்ளியும் அப்படித்தான். எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறையும்.

இது போன் செய்கிறவர்களுக்கும் தெரியும். ஆகையால் 108 மெகாபிக்சல் போன் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் போன் நாலு புள்ளியை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. பெட்டியில் 108 க்கும் 50 க்கும் எவ்வளவோ வித்தியாசம், கையில் வருகிற படத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முழு 108 இல் எடுக்கவும் தனியாக ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அந்தப் படம் ஒவ்வொன்றும் போனில் நிறைய இடம் பிடிக்கும். ஐபோன் கம்பனி 2015 இலிருந்து 2021 வரை பிரதான கெமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. அந்த ஆறு வருஷத்தில் எண் மாறவில்லை, படம் மட்டும் வருஷா வருஷம் நன்றாகிக்கொண்டே வந்தது. தகடும் லென்ஸும் உள்ளே இருக்கிற மூளையும் மாறியதுதான் காரணம்.

பின்பக்கத்தில் மூன்று கண், நாலு கண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கண்ணும் என்ன என்று கேளுங்கள். ஷியோமி ரெட்மி நோட் 13 இன் 4ஜி போனில் பின்னால் இருப்பது 108, 8, 2. சாம்சங் கேலக்சி ஏ16 இல் 50, 5, 2. இரண்டிலும் உண்மையான உழைப்பாளி முதலாவது கெமரா மட்டும்தான். இரண்டாவது அகலமாக எடுப்பதற்கு. சின்ன லயக் காம்பராவுக்குள் நின்றுகொண்டு முழுக் குடும்பத்தையும் எடுக்க, அல்லது இடிந்த சுவரை முழுதாகக் காட்ட அது உதவும், வெளிச்சம் மட்டும் வேண்டும். மூன்றாவது 2 மெகாபிக்சல் கண் என்பது பெரும்பாலும் எண்ணிக்கைக்கு வைத்தது என்றுதான் நான் சொல்வேன். சிலவற்றில் அது மேக்ரோ, சிலவற்றில் பின்பக்கத்தை மங்கலாக்கிக் காட்ட வைத்தது. நான் மேலே சொன்ன பிள்ளையை மாட்டிவிட்டது அந்த மாதிரிக் கண்தான். காகிதம் எடுக்க அதைத் தொடவே வேண்டாம்.

தூரத்தை இழுத்துக் காட்டுகிற 'சூம்' விஷயத்தில் நானே ஏமாந்தவன். சில வருஷத்துக்கு முன் '10 மடங்கு சூம்' என்று போட்டிருந்த போனை வாங்கினேன். ஒரு நாள் காற்றில் எதிர் மலை லயத்தில் தகரம் பறந்துவிட்டது. மழைக்குள் அவ்வளவு தூரம் இறங்கி ஏறச் சோம்பல் பட்டு, ஆபீஸ் வாசலில் நின்றே இழுத்து எடுத்து அறிக்கையோடு அனுப்பினேன். "இது என்ன படம்? கூரையா, பாறையா?" என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த விலைப் போன்களில் சூம் என்பது லென்ஸ் செய்கிற வேலை அல்ல, எடுத்த படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்குவதுதான். தூரத்துக்கென்று தனி லென்ஸ் உள்ள போன்கள் உண்டு, அவற்றின் விலை நம் பக்கம் வராது. கடைசியில் மழையிலேயே நடந்து போய்த்தான் படம் எடுத்தேன்.

இருட்டுப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பாதி நேரம் இருட்டுத்தான். லென்ஸின் வாசல் எவ்வளவு அகலம் என்பதைக் காட்ட 1.8, 2.2 என்று ஒரு எண் போடுவார்கள். இதில் எண் குறைந்தால்தான் வாசல் பெரிது, வெளிச்சம் கூட உள்ளே வரும். 'நைட் மோட்' என்பது இரண்டு மூன்று விநாடிக்குள் பல படத்தை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. கை ஆடாமல் பிடித்தால், அசையாத பொருளுக்கு நன்றாக வேலை செய்யும். தொட்டிலில் கை காலை ஆட்டும் பிள்ளைக்குச் சரிவராது, பிள்ளைக்கு நாலு கை வரும். கை ஆட்டத்தை லென்ஸே சமாளிக்கிற வசதி சில போன்களில் உண்டு, ஆங்கிலத்தில் ஓ.ஐ.எஸ். என்பார்கள். இரண்டு போன் ஒரே விலையில் வந்து ஒன்றில் அது இருந்தால், மெகாபிக்சல் குறைந்திருந்தாலும் அதையே எடுக்கலாம். ஆனால் அது எல்லாக் குறைந்த விலைப் போனிலும் கிடைக்காது.

இப்போது முக்கியமான விஷயம். நண்பர் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு "அவன் போன் கெமரா சூப்பர்" என்று முடிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. முகம், பூ, மலை என்றால் சுருங்கியது தெரியாது. பொடி எழுத்து நிறைந்த காகிதம் என்றால் சுருங்கிய பிறகு எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 2023 இலிருந்து படம் அனுப்பும்போது மேலே 'எச்.டி.' என்று ஒரு அடையாளம் வருகிறது, அதை அழுத்தி அனுப்பினால் கொஞ்சம் பெரிதாகப் போகும். அதைவிட நல்லது, படமாக அனுப்பாமல் 'டொகியுமென்ட்' என்ற வழியில் அனுப்புவது. அப்படி அனுப்பினால் எடுத்த படம் எடுத்தபடியே போகும். டேட்டா கூடப் பிடிக்கும், அதற்கு என்ன செய்வது. போன் மாற்ற வேண்டும் என்று வந்த இரண்டு பேருக்கு இந்த ஒரு வழியைக் காட்டியதும் பழைய போனே போதும் என்று போய்விட்டார்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு பழைய சம்பளச் சீட்டையோ கிளினிக் கொப்பியையோ கையோடு கொண்டுபோங்கள். எண்ணிக்கை கேட்க வேண்டாம். நீங்கள் பார்க்கிற இரண்டு போனிலும் அதே காகிதத்தை, அதே இடத்தில், அதே உயரத்தில் எடுங்கள். பிறகு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலையில் இருக்கிற சின்ன எழுத்தை வாசியுங்கள். நடு எழுத்து எல்லாப் போனிலும் வரும், ஓரத்தில்தான் தெரியும் வித்தியாசம். அடுத்ததாக, மேசைக்குக் கீழே மாதிரி இருட்டான இடத்தில் ஒன்று எடுங்கள். கூட வந்த ஆளைக் கையை ஆட்டச் சொல்லி ஒன்று எடுங்கள். கடை வாசலில் ஆளை நிறுத்தி, பின்னால் வானம் தெரிய ஒன்று எடுங்கள். பனி மூட்டமான நம் மலையில் வானம் எப்போதும் வெள்ளை. சில போனில் வானத்தைப் பார்த்து ஆள் முகம் கறுத்துப் போகும், சிலதில் இரண்டும் சரியாக விழும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காட்ட மாட்டேன் என்கிற கடை என்றால், வேறு கடை பாருங்கள். பசறையில் இல்லையா, பிபிலையில் இல்லையா? 40 பேர் காசு கொடுக்கிறவர் நீங்கள்.

கெமராவைப் பார்த்த கண்ணோடு மற்றதையும் பாருங்கள். மழையில் நிற்கிறவர்களுக்கு முதலில் தண்ணீர் விஷயம். ஐ.பி.54 என்று போட்டிருந்தால் தூறலும் தெறிப்பும் தாங்கும், வாளித் தண்ணீரில் விழுந்தால் தாங்காது. ஐ.பி.67 என்றால் ஒரு மீற்றர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். எது இருந்தாலும் மலைக்குப் போகும்போது பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்வது நல்லது. கைரேகையால் திறக்கிற போனை வாங்கிவிட்டு, திறக்கவில்லை என்று என்னிடம் வந்த அக்காமார் இருக்கிறார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி, கறை பிடித்து, விரல் நுனி தேய்ந்திருக்கிறது. போன் என்ன செய்யும்? அதிகம் வேலை செய்யாத சுண்டு விரலைப் பதிந்து பாருங்கள். இல்லாவிட்டால் இலக்கம் போட்டுத் திறப்பதே மேல். முகத்தைக் காட்டித் திறப்பது இந்த விலைப் போன்களில் அவ்வளவு பாதுகாப்பு இல்லை.

உள்ளே எவ்வளவு இடம் என்பதில் கடையில் ஒரு விளையாட்டு நடக்கும். '8 ஜிபி' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் பொடியாக 4+4 என்று போட்டிருப்பார்கள். உண்மையான ராம் 4 தான். மற்ற 4 படம் வைக்கிற இடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகத்தில் அதற்கு இது ஈடாகாது. படமும் வீடியோவும் எடுக்கிறவர்கள் 64 ஐ விட 128 ஜிபி எடுப்பது நல்லது, ஏனென்றால் போனின் சொந்த வேலைக்கே அதில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு சிம்மோடு மெமரி கார்டும் போட முடியுமா, அல்லது கார்ட் போட்டால் ஒரு சிம்மைக் கழற்ற வேண்டுமா என்று கேளுங்கள். டவுனுக்கு ஒரு சிம், லயத்துக்கு ஒரு சிம் என்று வைத்திருக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

பேட்டரி 5,000 என்பது இப்போது சாதாரணம். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரத்தில் அதன் அருமை தெரிந்தது. சார்ஜர் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது பல பெட்டியில் வயர் மட்டும்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மண்சரிவில் உயிர் போனது, வீடு போனது, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் நாள்கணக்காக இல்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயமே மண்ணுக்குள் போனதும் இதே மாவட்டத்தில்தான். மண் சரிவதற்கு முன் நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கலங்கிப் பாயும் ஊற்று என்று அடையாளம் தெரியலாம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. இந்த அடையாளங்களைப் படம் எடுத்து வைப்பது அழகுப் படத்தைவிட ஆயிரம் மடங்கு பெறுமதி. எடுக்கும்போது வெடிப்பின் பக்கத்தில் ஒரு செருப்பையோ அடிமட்டத்தையோ வைத்து எடுங்கள், அப்போதுதான் எவ்வளவு அகலம் என்று தெரியும். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வெடிப்பு விரிந்திருந்தால் படம் காட்டிக் கொடுக்கும். ஆபீசில் நாங்கள் வாயால் சொல்வதை விட இரண்டு படத்தைக் காட்டினால் வேலை நடக்கும். ஆனால் மழை கொட்டுகிற நேரத்தில், மண் சத்தம் கேட்கிற நேரத்தில், படம் எடுக்க நிற்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இப்படி ஆதாரத்துக்கு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எடுத்த திகதி, நேரம் எல்லாம் மூலப் படத்துக்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாகப் போகிற பிரதியில் அது இருக்காது.

போன் எத்தனை வருஷம் ஓடும் என்பதும் விலையில் ஒரு பங்கு. கம்பனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தினால் கொஞ்சக் காலத்தில் ஒவ்வொரு வேலையாக நின்றுபோகும். 2025 ஜூனிலிருந்து ஆண்ட்ராய்ட் 5.0 போன்களில் வாட்ஸ்அப் நின்றது அப்படித்தான். நான் மேலே சொன்ன ஏ16 க்கு ஆறு வருஷ அப்டேட் கொடுப்பதாக 2024 இல் சாம்சங் அறிவித்தது. அந்த விலையில் அது நல்ல பேச்சு. மற்றக் கம்பனிப் போனுக்கும் இதையே கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் இன்டர்நெட்டில் தேடச் சொல்லுங்கள். 5ஜி என்று காட்டி விலை கூட்டினால் அவசரப்பட வேண்டாம். 4ஜி சிக்னலே நம் எல்லா லயத்துக்கும் ஒழுங்காக எட்டவில்லை.

பாவித்த போன் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. *#06# என்று அடித்தால் 15 இலக்க எண் ஒன்று வரும். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலிருந்து, பதியாத போனைப் புதிதாக வலையமைப்பில் இணைக்க முடியாது என்று ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. ஆகவே பதில் வரும் வரை காசை மடியிலேயே வைத்திருங்கள். புதுப் போனுக்கும் இதைச் செய்யலாம், ஒரு குறுஞ்செய்தி காசுதான்.

மாற்றத்தான் வேண்டுமா என்று சந்தேகமாக இருந்தால் முதலில் பழைய போனை ஒழுங்காகப் பாருங்கள். பேட்டரி மட்டும் சோர்ந்திருந்தால் பேட்டரியை மாற்றலாம், அது ஒரு சில பேர் காசோடு முடியும். பேட்டரி ஊதிப் பின்மூடி கிளம்பியிருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அது தீப்பிடிக்கும் சாமான். போன் இழுபடுவது உள்ளே இடம் நிறைந்ததாலாகவும் இருக்கலாம். 'குட் மோர்னிங்' படமும் வீடியோவும் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றை அழித்துப் பாருங்கள். அப்டேட் நின்று, வாட்ஸ்அப் நின்று, எழுத்தின் மேல் தட்டினாலும் கெமரா தெளிவாகப் பிடிக்காத போன் என்றால் மாற்றுவது நியாயம்.

போன வாரம் மேல்மலை லயத்துப் பாட்டி ஒருவர் தன் மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய போனைக் கொண்டுவந்தார். "ஐயா, எடுக்கிற படமெல்லாம் பனி மூடின மாதிரி இருக்குங்க. மவன் வேற வாங்கித் தாறேங்கிறான்" என்றார். போனின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் அடுப்படி எண்ணெயும் புகையும் படிந்து கெட்டியாக இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு தடவை தேய்த்துக் கொடுத்தேன். வாசலில் நின்று ஆபீசைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அட, நோட்டீஸ் போர்ட்ல இருக்கிற எழுத்துகூடத் தெரியுதே" என்று சிரித்தார். மகனுக்கு அங்கேயே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு மறுநாள் காலை 10 மணியிலிருந்து மத்தியானம் வரை ஆபீசில் இருப்பேன். போன் வாங்க நினைக்கிறவர்கள் தவணைத் துண்டைக் கையெழுத்து வைக்கும் முன் கொண்டுவந்து காட்டலாம். படம் அனுப்பிச் சரிவராதவர்கள் போனோடு அந்தக் காகிதத்தையும் எடுத்து வாங்க.